கதிரவனை அளந்த மாணவி

கல்லூரியில் பௌதிகம் கற்பது ஒன்று. பௌதிக அறிஞராக உருவாவது மற்றொன்று. வகுப்பறையில் கேட்கப்படும் ஒவ்வொரு வினாவுக்கும் விடை முன்னரே எங்கோ ஒரு நூலில் எழுதப்பட்டிருக்கிறது. மாணவர் அதனைத் தேடிக் கண்டால் போதும். டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சியில் புகுவோர்க்கோ, விடை எந்த நூலிலும் இல்லை; ஆசிரியரிடமும் இல்லை. தாம் எழுப்பும் வினாவே சரியான வினாதானா என்பதும் பல நாள் தெரியாது. அந்தச் சில ஆண்டுகளில் ஓர் இளைஞரின் உள்ளம் படும் பாட்டைப் பற்றி அறிவியல் வரலாறு மிகுதியாகப் பேசுவதில்லை. அது கண்டுபிடிப்பைச் சொல்லும். கண்டுபிடித்தவர் உறங்கினாரா, அஞ்சினாரா, மனம் சோர்ந்தாரா என்பதைச் சொல்லாது.

அத்தகைய இரண்டாண்டு வரலாறு ஒன்றைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1923-ஆம் ஆண்டில் தொடங்கி 1925-இல் முடிந்த வரலாறு அது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு மாணவி, கதிரவனும் விண்மீன்களும் எந்தப் பொருளால் ஆனவை என்பதைக் கண்டறிந்தார். கண்டறிந்த பிறகு, அந்த உண்மை பெரும்பாலும் உண்மையாக இராது என்று தம் ஆய்வுரையிலேயே தம் கையாலேயே எழுதி வைத்தார். அவர் ஏன் அவ்வாறு எழுத நேர்ந்தது? அதுவே நாம் ஆராய வேண்டிய செய்தி.

அவர் பெயர் செசீலியா பெயின். இங்கிலாந்தில் வெண்டோவர் என்னும் ஊரில் 1900-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் வழக்கறிஞர், வரலாற்றிலும் இசையிலும் வல்லவர். ஆனால் செசீலியாவுக்கு நான்கு வயதாக இருந்தபோதே அவர் காலமானார். மூன்று குழந்தைகளையும் தாயாரே வளர்த்து ஆளாக்கினார். 1919-ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நியூனம் மகளிர் கல்லூரியில் செசீலியா சேர்ந்தார். அப்பொழுது அவர் மனம் தாவர நூலிலேயே ஈடுபட்டிருந்தது. பௌதிகமும் ரசாயனமும் உடன் பயின்ற பாடங்களே.

அந்த ஆண்டில்தான் வான சாஸ்திர அறிஞர் ஆர்தர் எடிங்டன், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபே தீவுக்குச் சென்று, மே 29-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் கண்டு திரும்பியிருந்தார். விண்மீனின் ஒளி கதிரவனின் அருகே வளைகிறது என்னும் ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்கச் சென்ற பயணம் அது. அதனைப் பற்றி எடிங்டன் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றினார். தோழி ஒருத்தி செல்ல இயலாமற்போனதால், அவளுடைய நுழைவுச் சீட்டு செசீலியாவின் கைக்கு வந்தது. சொற்பொழிவைக் கேட்டு அறைக்குத் திரும்பிய அவர், ஏறக்குறைய அதனை முழுவதும் நினைவிலிருந்தே எழுதி முடித்தார். பின் மூன்று இரவுகள் உறக்கம் பிடிக்கவில்லை என்று முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாவர நூல் போயிற்று, பௌதிகம் வந்தது.

ஆயினும் பௌதிகம் அவரைக் கைநீட்டி வரவேற்கவில்லை. அந்நாளில் கேம்பிரிட்ஜில் பெண்கள் பாடம் கேட்கலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் பட்டம் பெற முடியாது. அந்த உரிமை 1948-ஆம் ஆண்டில்தான் அவர்களுக்குக் கிட்டியது. அணுவின் உட்கருவைக் கண்ட பேரறிஞர் ரதர்போர்டின் வகுப்பில் பெண்கள் முன்வரிசையிலேயே அமர வேண்டும் என்பது விதி. அவ்வகுப்பில் செசீலியா ஒருவரே பெண். ரதர்போர்ட் ஒவ்வொரு நாளும் அவரை உற்று நோக்கி, பெண்களை விளித்துவிட்டுப் பிறகு ஆண்களை விளிப்பார். உடனே பின்வரிசை மாணவர்கள் கைதட்டியும் காலால் தரையை உதைத்தும் ஆரவாரம் செய்வார்கள். அந்த வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நிலம் பிளந்து தம்மை விழுங்கிவிடாதா என்று ஏங்கியதாகவும், அதன் பிறகு எந்த விரிவுரைக் கூடத்திலும் தம்மையறியாமல் பின்வரிசையையே நாடியதாகவும் அவர் எழுதியிருக்கிறார். பௌதிகம் கற்கப் புகுந்த ஒருவர் பௌதிகத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும் பாடங்களில் இதுவும் ஒன்று.

இங்கிலாந்திலேயே தங்கியிருந்தால், பள்ளி ஆசிரியை ஆவதற்கு மேல் வேறு வழி அவருக்குத் தென்படவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்ட் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த ஹார்லோ ஷேப்லி லண்டனுக்கு வந்து பேசியதைக் கேட்ட செசீலியா, அவரை அணுகித் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பெண்களுக்கென்று அந்நிலையம் வழங்கி வந்த உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1923-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தாயாரையும் தாய்நாட்டையும் விட்டு அவர் அட்லாண்டிக் கடலைக் கடந்தார்.

ஹார்வர்டில் அவருக்காகக் காத்திருந்தது ஒரு பெருஞ்செல்வம். பல ஆண்டுகளாக இரவுதோறும் எடுக்கப்பட்ட விண்மீன் படங்கள் கண்ணாடித் தகடுகளாக அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. அவற்றை ஆராய்ந்து வகைப்படுத்தும் வேலையைச் சிறு ஊதியம் பெற்ற பெண்களே செய்து வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஆனி ஜம்ப் கேனன் அம்மையார் காது மிகவும் மந்தமானவர். அவர் ஏறக்குறைய 2,25,000 விண்மீன்களின் நிறமாலைகளைக் கண்ணால் பார்த்தே இனம் பிரித்திருந்தார். விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் வண்ணங்கள் பிரிந்து ஒரு பட்டையாகத் தோன்றும். அப்பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் காணப்படும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கையெழுத்து. கேனன் அம்மையார் கையெழுத்துகளைப் பிரித்து அடுக்கினார். அவை சொல்லும் செய்தியைப் படிப்பதற்கான இலக்கணம் மட்டும் அந்நிலையத்தில் இல்லை.

அந்த இலக்கணம் நம் நாட்டிலிருந்து வந்தது. டாக்கா மாவட்டத்தில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கல்கத்தாவில் பணியாற்றிய மேகநாத சாகா, 1920-ஆம் ஆண்டில் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பம் மிகும்போது அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை அணுக்கள் அவ்வாறு இழந்திருக்கும் என்பதை அச்சமன்பாடு கணக்கிட்டுத் தரும். எலெக்ட்ரானை இழந்த அணுவின் கோடு வேறு. இழக்காத அணுவின் கோடு வேறு. ஆகவே ஒரு கோடு வலுவாக இருப்பதனால் மட்டும் அத்தனிமம் மிகுதியாக இருப்பதாகக் கொள்ளலாகாது. கதிரவனில் கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் அழுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் அங்குள்ள வெப்பநிலையே. சாகாவிடம் கொள்கை இருந்தது. அதனைச் சோதிக்கத் தேவையான படங்கள் இல்லை. ஹார்வர்டில் படங்கள் இருந்தன. அவற்றுக்குக் கொள்கை இல்லை. இரண்டையும் ஒன்று சேர்ப்பதே செசீலியா மேற்கொண்ட பணி.

சொல்வதற்கு எளிது, செய்வதோ மிகக் கடினம். ஒவ்வொரு கோட்டின் அழுத்தத்தையும் அளந்தறிய அன்று தேர்ந்த முறை இல்லை. கண்ணால் மதிப்பிட்டே எண்ணாக மாற்ற வேண்டும். எந்தக் கோடு எந்த அணு நிலைக்கு உரியது என்பதிலும் பல ஐயங்கள் இருந்தன. பகல் முழுவதும் உழைத்து இரவிலும் நெடுநேரம் கண்விழித்தார். பல மாதங்கள் வரையில், தாம் எங்கே போகிறோம் என்றே புலப்படாமல் திகைத்து நின்றதாகவும், சோர்வும் நம்பிக்கையின்மையும் மாறிமாறி வந்ததாகவும் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். முடிவில் வழிகாட்டியது சிலிகான். வெப்பம் மிகுந்த விண்மீன்களில், ஒன்றன்பின் ஒன்றாக எலெக்ட்ரான்களை இழந்துவரும் சிலிகானின் நான்கு நிலைகளையும் அவர் அடையாளம் கண்டார். அவற்றை ஏணிப்படிகளாகக் கொண்டு விண்மீன்களின் வெப்பநிலையை அளக்க முடிந்தது. வெப்பநிலை தெரிந்தபின், தனிமங்களின் அளவு தானே வெளிப்பட்டது.

வெளிப்பட்ட விடையில் ஒரு பகுதி எல்லோரும் எதிர்பார்த்ததே. சிலிகான், கார்பன் முதலிய தனிமங்கள் பூமியில் உள்ள விகிதத்திலேயே விண்மீன்களிலும் இருந்தன. மற்றொரு பகுதியோ எவரும் எதிர்பாராதது. ஹீலியம் மிகுதியாக இருந்தது. ஹைட்ரஜனோ, உலோகங்களைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் மடங்கு இருந்தது!

இதன் பொருள் என்ன? கதிரவன் கொதிக்கும் மண்ணுருண்டை அன்று; உலகில் மிக எளியதும் மிக இலேசானதுமான வாயுவால் ஆன கோளம் அது. பூமியின் மேற்பரப்பைக் கதிரவனின் வெப்பத்துக்குக் காய்ச்சினால், கதிரவனின் நிறமாலை போன்றதே தோன்றும் என்று பெரியோர் பலர் அதுவரை நம்பி வந்தனர். அந்த நம்பிக்கையின் வேரையே இக்கணக்கு அறுத்தது.

1924-ஆம் ஆண்டின் இறுதியில் ஷேப்லி இவ்வாய்வை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். அந்நாளில் அமெரிக்க வான சாஸ்திர உலகில் ரஸ்ஸலின் சொல்லே இறுதித் தீர்ப்பு. ஓர் இளைஞருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அவருடைய கடிதம் ஒன்றினால் முடிவாகும் என்று சொல்லுமளவுக்கு அவருடைய செல்வாக்கு இருந்தது. 1925 ஜனவரியில் அவரிடமிருந்து பதில் வந்தது. ஆய்வைப் பல வகையில் அவர் பாராட்டினார். ஆனால் ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு மிகுதி என்பது நடக்கக்கூடாத செய்தி என்று உறுதியாக எழுதிவிட்டார்.

ரஸ்ஸலை இங்கே கொடியவராக எண்ணுதல் தகாது. ஹைட்ரஜன் கோடுகள் அளவுக்கு மீறி வலுவாக இருப்பதை அவரும் கவனித்திருந்தார். அணுவின் இயல்பில் ஏதோ ஒரு விந்தை இருப்பதனாலேயே அவ்வாறு தோன்றுகிறது என்று கருதினார். அணுவின் இயக்கத்தைத் தெளிவாக விளக்கும் குவாண்டம் இயக்கவியல் அப்போது பிறக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில்தான் அது பிறந்தது. கொள்கை புதிது, அளவைகள் கண் மதிப்பீடு, மாணவியோ வயதில் மிக இளையவர். இந்நிலையில் அனுபவம் முதிர்ந்த ஒருவர் ஐயுறுவது இயல்பே.

இப்பொழுது அந்த மாணவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டில் தனியே இருக்கிறார். பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவர் ஒரு பெண்ணை டாக்டர் பட்டத்துக்கு ஏற்க மறுத்துவிட்டதால், அதனைச் சார்ந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் வழியாகத்தான் பட்டம் பெற வேண்டியிருக்கிறது. துறையின் முதல்வராக விளங்கும் அறிஞர், முடிவு தவறு என்கிறார். தாம் தெய்வமாக மதிக்கும் வழிகாட்டி ஷேப்லியும் அந்த அறிஞரின் மாணவரே. தம் கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. ஆயினும் இத்தனை பெரியவர்கள் காணும் பிழையைத் தாம் காணவில்லையோ என்னும் ஐயம் எழாதா? செசீலியா கணக்கை மாற்றவில்லை, எண்களை அழிக்கவுமில்லை. அட்டவணையில் ஹைட்ரஜனின் அளவு இருந்தபடியே இருந்தது. ஆனால் அதன் அருகில், இவ்வளவு பேரளவு பெரும்பாலும் உண்மையாக இராது என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். 1925-இல் பட்டம் கிடைத்தது. ஹார்வர்ட் வானாராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

அவ்வாண்டில் இங்கிலாந்து சென்றபோது, தம்மை இத்துறைக்கு இழுத்த எடிங்டனிடம், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று தாம் நம்புவதைக் கூறினார். விண்மீன்களின் உள்ளே அன்று, அவற்றின் மேற்பரப்பில் என்றுதான் சொல்ல வேண்டும் என எடிங்டன் திருத்தினார். அவரும் அன்று இருந்த நம்பிக்கையைக் கடக்கவில்லை.

நான்கே ஆண்டுகள் சென்றன. ஜெர்மனியில் உன்சோல்டும், பிறகு மக்ரியாவும் வேறு வழிகளில் கணக்கிட்டு ஹைட்ரஜனின் மிகுதியைக் கண்டனர். 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸலே கதிரவனின் நிறமாலையில் 56 தனிமங்களை ஆராய்ந்து, முன்பு தாம் மறுத்த அதே முடிவுக்கு வந்தார். தம் கட்டுரையில் செசீலியாவின் முடிவோடு தம் முடிவு ஒத்திருப்பதையும் குறிப்பிட்டார். அது அவருடைய நேர்மைக்குச் சான்று. எனினும் பல காலம் வரை, அந்தக் கண்டுபிடிப்பைப் பேசியவர்கள் ரஸ்ஸலின் பெயரையே முதலில் சொல்லி வந்தார்கள்.

செசீலியா அம்மையார் இதற்காக ரஸ்ஸலைப் பழித்தாரா? இல்லை. முதுமையில் எழுதிய தன்வரலாற்றில், குறை தம்முடையதே என்கிறார். தாம் சரி என்று நம்பிய ஒன்றை வலியுறுத்தாமல் பெரியோர் சொல்லுக்குப் பணிந்துவிட்டது தம் தவறு என்றும், உறுதியான சான்று கையில் இருந்தால் இளைஞர்கள் தம் நிலையை விட்டுக்கொடுக்கலாகாது என்றும் சொல்கிறார். அவர் தம்மையே கடிந்துகொள்வது பெருந்தன்மை. ஆனால் வரலாறு முழுப் பழியையும் அந்த இருபத்துநான்கு வயது மாணவியின் மேல் சுமத்துவது நியாயமாகாது. எதிர்த்து நிற்கும் துணிவை இளைஞரிடம் வேண்டும் நாம், அத்துணிவுக்கு விலையாக வாழ்வையே கொடுக்க வேண்டிய நிலையில் அவரை வைக்கலாமா?

எதிர்த்து நின்ற ஒருவரின் கதையும் நமக்குத் தெரியும். 1930-ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், பத்தொன்பது வயதில், நோயுற்றிருந்த தாயாரைப் பிரிந்து கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே தாயார் மறைந்தார். மகன் அருகில் இல்லை. 1933-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். 1935 ஜனவரி 11-ஆம் நாள், லண்டனில் அறிஞர் அவையில், விண்மீன்களின் இறுதி நிலை பற்றிய தம் முடிவை அவர் எடுத்துரைத்தார். கதிரவனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன், வெண்குறளியாக அமைதியுற முடியாது என்பது அம்முடிவு. உடனே எழுந்து அதனை மறுத்து நகையாடியவர் எடிங்டனே. செசீலியாவின் உள்ளத்தில் விளக்கேற்றிய அதே எடிங்டன்! சந்திரசேகர் தம் கொள்கையைக் கைவிடவில்லை; ஆனால் அதனை நூலாக எழுதி முடித்துவிட்டு வேறு ஆராய்ச்சித் துறைகளுக்குச் சென்றார். 1983-ஆம் ஆண்டில்தான் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. ஒருவர் பணிந்தார், மற்றவர் பணியவில்லை. உண்மை இருவர் பக்கமும் இருந்தது. காத்திருத்தலும் இருவர்க்கும் பொதுவாயிற்று.

செசீலியாவின் காத்திருப்பு நீண்டது. ஹார்வர்டில் அவர் வகுப்புகள் நடத்தினார். ஆனால் அவ்வகுப்புகள் 1945 வரையில் பல்கலைக்கழகத்தின் பாட அட்டவணையில் இடம்பெறவில்லை. ஊதியமும் குறைவு. 1933-இல் ஜெர்மனியில் ஒரு மாநாட்டில், நாடிழந்து தவித்த ருஷ்ய அறிஞர் செர்கெய் கபோஷ்கினைச் சந்தித்து, அவர் அமெரிக்கா வருவதற்கு உதவினார். அடுத்த ஆண்டு அவரையே மணந்தார். மூன்று மக்களை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1956-ஆம் ஆண்டில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதனைத் தொடர்ந்து துறைத் தலைவருமானார். ஹார்வர்டில் ஒரு துறைக்குத் தலைமை ஏற்ற முதற்பெண் அவரே. ஆய்வுரை எழுதி முப்பத்தோராண்டுகளுக்குப் பிறகு!

இவ்வரலாறு நமக்குப் புகட்டுவது யாது? குருவிடம் பக்தி வேண்டும் என்பது நம் நாட்டு மரபு. ஆராய்ச்சியில் அந்தப் பக்தி எவ்விடத்தில் முடிய வேண்டும் என்பதை மாணவர் மட்டும் அறிந்தால் போதாது. குருவும் அறிந்திருக்க வேண்டும். மாணவரின் கணக்கு தமக்கு ஒவ்வாத முடிவைத் தரும்போது, அது நடவாது என்று எழுதுவது எளிது. எந்த அடியில் பிழை என்று காட்டுவது கடினம். பிழையைக் காட்ட இயலாவிட்டால், இதனை நான் நம்பவில்லை, ஆயினும் நீ கண்டதைக் கண்டவாறே எழுது என்று சொல்வதே வழிகாட்டியின் அறம். அந்த ஒரு சொல் 1925 ஜனவரியில் கூறப்பட்டிருந்தால், கதிரவனின் இயல்பை உலகம் நான்காண்டுகள் முன்னரே ஒப்புக்கொண்டிருக்கக்கூடும்.

மாணவர்க்கும் ஒரு செய்தி உண்டு. செசீலியா தம் முடிவின்மேல் ஐயத்தை எழுதினார். அளவைகளை மட்டும் திருத்தவில்லை. பெரியவர் மனம் குளிர எண்களைச் சற்றே குறைத்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. அதனை அவர் செய்யவில்லை. அட்டவணை அப்படியே நின்றமையால்தான், பின் வந்தோர் அதனைப் பார்த்து அவர் கண்டது சரியே என்று சொல்ல முடிந்தது. கருத்தில் தளரலாம், கண்டதைத் திரிக்கலாகாது. ஆராய்ச்சி மாணவரின் கற்பு அதுவே.

1976-ஆம் ஆண்டில் அமெரிக்க வான சாஸ்திரக் கழகம் அவருக்கு அளித்த பெருஞ்சிறப்புக்கு ரஸ்ஸலின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. அச்சிறப்பை ஏற்று ஆற்றிய உரையில் அம்மையார் பழங்கணக்கு எதனையும் கிளறவில்லை. உலக வரலாற்றிலேயே ஒன்றை முதன்முதலாகக் கண்டவர் தாமே என்னும் சிலிர்ப்பு இளம் விஞ்ஞானி பெறும் பரிசு. மங்கலாய்த் தொடங்கிய சித்திரம் ஒரு பெருங்காட்சியாய் மலர்ந்ததைப் பார்த்திருக்கும் நிறைவு முதிய விஞ்ஞானி பெறும் பரிசு என்னும் கருத்தை அவர் அங்கே கூறினார். இரண்டையும் பெற்றவர் அவர். 1979 டிசம்பரில் அவர் மறைந்தார்.

நாளைக் காலையில் கிழக்கே எழும் ஞாயிற்றை நோக்கும் நேயர்கள், அதன் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர் என்பதை எண்ணிப் பாருங்கள். அதனை உலகில் ஒருவர் மட்டுமே அறிந்திருந்த நாட்களும் இருந்தன. அவர் ஓர் ஆராய்ச்சி மாணவி, களைத்திருந்தார், தனித்திருந்தார். தாம் அறிந்ததை நம்புவதா, விடுவதா என்று தெரியாமல் கலங்கியுமிருந்தார்.